சர்க்கரை நோய்ச் செயலிகள் தமிழ் பேச வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர் பனியன் கம்பெனியொன்றில் இரவு ஷிப்ட் பார்க்கும் எனக்குப் பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. குளுக்கோமீட்டர் அளவுகளைக் கைபேசிச் செயலியில் தவறாமல் பதிந்து வருவதால், துண்டுச் சீட்டுகளைத் தேடாமல் மூன்று மாதக் கணக்கையும் மருத்துவரிடம் காட்ட முடிகிறது; எச்பிஏ1சி என்னும் இரத்தப் பரிசோதனையும் ஏறத்தாழ அதே காலத்தின் சர்க்கரைச் சராசரியையே காட்டுவதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தே அவர் மாத்திரையின் அளவை முடிவு செய்கிறார். இது எனக்குப் பெரிய உதவி.

ஆனால், விடிந்தபின் உறங்கப் போகிறவனிடம் காலை எட்டு மணிக்குச் சிற்றுண்டி ஆயிற்றா என்று அச்செயலி கேட்கிறது. அதன் உணவுப் பட்டியலில் ஓட்ஸ் இருக்கிறது. நாங்கள் உண்ணும் அரிசிம்பருப்பும் சந்தகையும் கம்பங்கூழும் இல்லை. இரத்தக் கொதிப்புள்ள என் அம்மாவுக்கோ, அதிலுள்ள ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது.

நம் தகவல்களைப் பயன்படுத்த ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. மருந்துக் குறிப்பும் எச்சரிக்கையும் தமிழில், குரல் வழியாகவும் வர வேண்டாமா?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். நோயாளி தாமே பதிந்த அளவுகளை, அவர் சம்மதத்துடன், அவர்களும் பார்ப்பதற்கு நலவாழ்வுத் துறை வழிசெய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்