கார்டிஃபிலிருந்து அப்பாவுக்கு

கார்டிஃப், வேல்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் சர்க்கரை அளவைத் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பினான், பார்த்தேன். இரவு மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இந்த ஊர்க் கடல் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். பாம்பனில் தண்ணீர் ஒரு மீட்டர்கூட ஏறாது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாற்பது அடி வரை ஏறி இறங்குகிறது. வற்றிவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். அதனால் துறைமுகத்துக்குக் குறுக்கே அணை கட்டித் தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பல் கப்பலாக நிலக்கரி போயிருக்கிறது. அந்தக் கப்பல்களில் வேலை செய்ய வந்த ஏமன்காரர்கள், சோமாலியாக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் துறைமுகத் தெருக்களில் குடியிருக்கிறார்கள். கடல் தொழிலுக்கு வந்து ஒட்டிக்கொண்ட ஊர் என்பதாலோ என்னவோ, எனக்கு இங்கே அந்நியமாகத் தெரியவில்லை.

போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டதால் பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன். "நாட்டுக்கு எதிராப் போனவனை அந்த நாடே கொன்னா என்ன தப்பு?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் சொன்ன ரயாத் கான் இந்த ஊர்ப் பையன், வயது 21. சிரியாவுக்குப் போய் ஐ.எஸ். பயங்கரவாதக் கூட்டத்தில் சேர்ந்து, அவர்களுடைய ஆள்சேர்ப்பு வீடியோவிலும் வந்தவன். 2015 ஆகஸ்ட் 21 அன்று அங்கே ராக்கா நகரத்துக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் ட்ரோன் அவனைக் கொன்றது. கூட இருந்த இன்னொரு பிரிட்டிஷ்காரரும் செத்தார். சிரியாவில் ராணுவம் இறங்குவதற்கான தீர்மானத்தை 2013இலேயே நாடாளுமன்றம் தோற்கடித்திருந்தது. அதே நாடாளுமன்றத்தில் பிரதமர் கேமரன் செப்டம்பர் 7 அன்றுதான் எழுந்து இதைச் சொன்னார். இங்கே தாக்குதலுக்குத் திட்டமிட்டான், தற்காப்புக்காகச் செய்தோம், வேறு வழியில்லை என்றார்.

அவனுக்காக நான் பரிந்து பேசவில்லை அப்பா. அந்தக் கூட்டம் செய்த கொடுமைகள் உலகத்துக்கே தெரியும். ஆனால் அரசாங்கம் சொன்ன காரணத்தைச் சோதித்துப் பார்த்தது யார்? 2017இல் நாடாளுமன்றத்தின் உளவுத்துறைக் கண்காணிப்புக் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. அவனால் பெரிய ஆபத்து இருந்தது உண்மை என்றார்கள். ஆனால் முடிவெடுக்க அமைச்சர்கள் முன் வைத்த முக்கியமான காகிதங்களை அரசாங்கம் தங்களுக்குக் காட்டவில்லை என்றும் எழுதினார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் எண்பது வயதுக்காரர் கட்டிலிலிருந்து விழுந்து இறந்தால்கூட கொரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும். யார் டியூட்டியில் இருந்தது, எத்தனை மணிக்குப் பார்த்தது என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கொலை செய்தவனைக்கூடத் தூக்கில் போட முடியாது. கொலைக்கான மரண தண்டனையை 1969இலேயே ஒழித்துவிட்டார்கள். இவ்வளவு பார்க்கிற நாடு, தன் பிரஜையையே எல்லைக்கு வெளியே கொன்றுவிட்டு, காகிதத்தைக் காட்ட மாட்டேன் என்கிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் மோசம். அன்வர் அல்-அவ்லாகி அங்கே நியூ மெக்சிகோவில் பிறந்தவர், அமெரிக்கக் குடிமகன். ஏமனில் அல்-கொய்தாவோடு இருந்தார். கொல்லப்பட வேண்டியவர்கள் பட்டியலில் மகன் பெயர் இருப்பது தெரிந்து, அவருடைய அப்பா 2010இல் அமெரிக்க நீதிமன்றத்துக்கே போனார். ஏமனில் மந்திரியாக இருந்தவர் அந்த அப்பா. எந்தச் சட்டப்படி என் மகனைக் கொல்லப் போகிறீர்கள் என்றுதான் கேட்டார். மகனுக்காக வழக்குப் போட உங்களுக்கு உரிமை இல்லை, இது நீதிமன்றம் தலையிடும் விஷயமும் இல்லை என்று டிசம்பரில் தள்ளுபடி செய்துவிட்டார்கள். 2011 செப்டம்பர் 30 அன்று மகனைக் கொன்றார்கள். இரண்டே வாரத்தில் 16 வயதுப் பேரனும் இன்னொரு ட்ரோன் தாக்குதலில் செத்தான். அவனும் அமெரிக்காவில் பிறந்தவன்தான். அவனைக் குறிவைக்கவில்லை என்றார்கள், அவ்வளவுதான். கொல்வதற்கு முன்னாலேயே ஓர் அப்பா கோர்ட் வாசலில் போய் நின்றிருக்கிறார். அப்போது கேட்காத கோர்ட் வேறு எப்போது கேட்கும்?

கசாப்பைச் சொல்வீர்கள் என்று தெரியும். வேற்று நாட்டுக்காரன், மும்பையில் சுட்டதைக் கேமராவே படம் பிடித்தது. அவனுக்கும் வக்கீல் வைத்து, உச்ச நீதிமன்றம் வரை கேட்டுத்தான் 2012இல் தூக்கில் போட்டோம். ஆனால் அவன் உயிரோடு பிடிபட்டவன். ராக்காவுக்குப் போய் யார் கைது செய்வது என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். நாளைக்கே குண்டு வெடிக்கும், தடுக்க வேறு வழியே இல்லை என்றால் நானும் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் சுட்ட பிறகாவது ஆதாரத்தை ஒரு நீதிபதி முன்னால் வைக்க வேண்டும். அதற்கும் மாட்டேன் என்றால், குற்றவாளியைத்தான் கொன்றார்கள் என்று நாம் எதை வைத்து நம்புவது?

2012 ஜூலையில் துபாய் ஜெபல் அலி பக்கம் மீன்பிடிப் படகை அமெரிக்கக் கடற்படைக் கப்பல் சுட்டதே, ஞாபகம் இருக்கிறதா? செத்தவர் நம் மாவட்டத்துக்காரர், மூன்று பேருக்குக் காயம். எச்சரித்தும் நெருங்கி வந்தார்கள் என்றது அமெரிக்கா. எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றார்கள் பிழைத்தவர்கள். அன்று நம் கரையில் எல்லாருமே, சுட்டவனே தீர்ப்பும் சொல்லலாமா என்றுதானே கேட்டார்கள்? அதே கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன். அந்தப் பையன் கெட்டவன் என்பதால் அது மாறிவிடாது.

சரி, தம்பி பஹ்ரைன் படகு வேலைக்குப் போகிறேன் என்கிறானாமே. தடைக்காலம் முடிந்ததும் கிளம்பிவிடுவான் என்று அம்மா சொன்னாள். போகட்டும், தடுக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் படகு முதலாளி கையில் கொடுத்துவிட்டு நிற்க வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் படித்துப் பார்த்துச் சொன்ன பிறகு ஏஜென்டுக்குப் பணம் கட்டினால் போதும்.

அன்புடன்,
உங்கள் மகள்