டர்போவின் கூட்டைத் திருப்புவது பற்றி

மருதானை,
கொழும்பு 10.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதமும் படங்களும் வெள்ளிக்கிழமை கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். மற்றச் செய்திகளை அடுத்த கடிதத்துக்கு வைத்துவிட்டு எக்ஸோஸ்ட் புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போவைப் பற்றி மட்டும் இன்றே எழுதுகிறேன், ஏனெனில் வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைப் பூட்டப் போவதாக எழுதியிருக்கிறீர்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு எங்களைப் போன்றவர்கள் பழைய பஜெரோ ஜீப்புகளைத்தான் பாதுகாத்து ஓட்டி வந்தோம். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் நீர் வாங்கிய டிடி04 டர்போ வேறொரு வாகனத்திலிருந்து கழற்றப்பட்டது. ஆகவே அதன் காற்று வெளிவரும் வாய் உமது ஹோஸைப் பார்க்காமல் பேட்டரியைப் பார்ப்பது குறையல்ல. எக்ஸோஸ்ட் பக்கத்துக் கூட்டையும் காற்றுப் பக்கத்துக் கூட்டையும், சுழலும் தண்டைத் தாங்கும் நடுக்கூட்டைச் சுற்றி வேண்டிய கோணத்துக்குத் திருப்பலாம். எதை நிலையாக வைத்துக்கொண்டு எதைத் திருப்புவது என்பதில்தான் கவனம் வேண்டும்; அதில் நான் ஒருமுறை பிழைவிட்டிருக்கிறேன்.

என்னுடைய 4டி56 எஞ்சினுக்கு இதே வேலையைச் செய்தபோது, எக்ஸோஸ்ட் பக்கத்துக் கிளாம்பைத் தளர்த்தி, நடுக்கூட்டையும் காற்றுப் பக்கத்துக் கூட்டையும் ஒன்றாகச் சேர்த்து, வாய் ஹோஸுக்கு நேரே வரும் வரை திருப்பிவிட்டேன். ஹோஸ் அழகாகப் பொருந்தியது. ஆனால் நடுக்கூட்டில் கீழே பார்க்க வேண்டிய ஒயில் இறங்கும் துவாரம் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டதை நான் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் நாள் காலி வீதியில் நீலப் புகை கக்கிக்கொண்டு வண்டி நின்றது. சீல் போய்விட்டது என்று நினைத்துக் கழற்றிப் பார்த்தால், தண்டில் ஆட்டம் இல்லை, சீலிலும் பழுது இல்லை. ஒயிலுக்கு வெளியேற வழி இருக்கவில்லை, அவ்வளவுதான்.

டர்போவுக்குள் ஒயில் அழுத்தத்துடன் ஒரு சிறிய துளை வழியாக வருகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் தண்டு அதை நுரையாக அடித்துவிடுகிறது. அந்த நுரை வெளியேறுவதற்குப் பம்ப் எதுவும் கிடையாது, தன் பாரத்தால்தான் இறங்க வேண்டும். உள்ளே இருக்கும் சீல் ரப்பர் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையம். தேங்கி நிற்கும் ஒயிலை அது தடுக்காது. அதனால்தான் அந்தத் துவாரம் நேர் கீழாகவோ, மிஞ்சிப்போனால் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 35 பாகைக்குள்ளோ இருக்க வேண்டும் என்கிறார்கள். அதிலிருந்து போகும் குழாய் எங்கும் தொங்கித் தொய்யாமல் ஒரே சரிவாக இறங்கி, எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்பில் உள்ள ஒயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும்.

உமது படங்களைப் பார்த்தால், டர்போவை எஞ்சினின் எக்ஸோஸ்ட் மேனிஃபோல்டில் வைத்தவுடன் துவாரம் சரியாகக் கீழேயே பார்க்கிறது. எனவே எக்ஸோஸ்ட் பக்கத்துக் கிளாம்பில் கையே வைக்க வேண்டாம். காற்றுப் பக்கத்துக் கூட்டை மட்டும் கால் சுற்று திருப்பினால் போதும். முதலில் கூடுகளின் பழைய நிலையைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளும். பிறகு கூட்டைப் பிடித்திருக்கும் பெரிய வளையமான ஸ்னாப் ரிங்கை விடுவித்தால் கூடு கையாலேயே திரும்ப வேண்டும். இறுகியிருந்தால் மரச் சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டும். ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்ப வேண்டாம். உள்ளே சுழலும் இறக்கைக்கும் கூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றர்கூட வராது. கூடு கோணலாகக் கழன்றால் அலுமினிய இறக்கை வளைந்துவிடும், வளைந்த இறக்கையை நிமிர்த்திப் பாவிக்க முடியாது. ஸ்னாப் ரிங் எந்த முகம் வெளியே தெரிய இருந்ததோ அதே முகத்துடன் திரும்பப் போடும்.

அழுத்தம் மிகுந்தால் வேஸ்ட்கேட் என்னும் புகை வழி வால்வைத் திறக்கும் அக்சுவேட்டரைத்தான் பலர் மறக்கிறார்கள். அதன் பிராக்கெட் காற்றுப் பக்கத்துக் கூட்டில் இருப்பதால், கூட்டைத் திருப்பும்போது அதுவும் கூடவே போய்விடும், ஆனால் அதன் கம்பி அசைக்க வேண்டிய வேஸ்ட்கேட் கை பழைய இடத்திலேயே நிற்கும். கம்பியை வளைத்துச் சமாளிக்கும்படி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். தடித்த இரும்புத் தகட்டில் புதிய பிராக்கெட் ஒன்று வெட்டுவித்து, கம்பி நேராக இயங்கும்படி பூட்டும். கம்பியின் நீளத்தையும் சரிபார்க்க வேண்டும்: வால்வு எப்போதும் சிறிது திறந்து நின்றால் ஏற்றத்தில் இழுவை இராது, மிக இறுக்கமாக இருந்தால் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறும்.

எல்லாம் பூட்டிய பின், ஒயில் வரும் துளையில் சுத்தமான ஒயிலை ஊற்றி, டீசலை நிறுத்தும் சொலனாய்டின் வயரைக் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் சுழற்றும். அதற்கு முன்பே, சனிக்கிழமை இரவானாலும், இறங்கும் குழாயைப் பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடும். நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்