20 அங்குலம் வேண்டாம், தம்பி

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

நம் ஜீப்புக்குப் பூட்டலாம் என்று நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய 20 அங்குலக் கறுப்பு ரிம் படத்தைப் பார்த்தேன். வடிவாகத்தான் இருக்கிறது. அப்பா போனை என் கையிலிருந்து பறித்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பக்கத்து வீட்டு அண்ணருக்கும் காட்டியாயிற்று. காசு நீ தருகிறாய், ஜீப் அப்பாவின் பெயரில் இருக்கிறது, ஆனால் சந்தைக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதை ஓட்டிக்கொண்டு போகிறவள் நான். ஆகவே சொல்கிறேன், 20 அங்குலம் வேண்டாம். போனில் காரணம் சொல்லத் தொடங்கினால் உன் சின்னவள் அழுவாள், லைன் வெட்டுப்படும், அப்பா இடையில் புகுந்து தன் கட்சியைக் கதைப்பார். அதனால்தான் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

டயர்க் கடையில் கணக்கு எழுதியவளுக்கு இந்த எண்கள் எல்லாம் வாய்ப்பாடு என்பது உனக்குத் தெரியும். பில்லில் ஓர் இலக்கம் மாறினால் தவறான டயர் லொறியில் ஏறிப் போய்விடும். நம்முடைய 98ஆம் ஆண்டு டொயோட்டா பிராடோ ஜீப்புக்குக் கம்பனி கொடுத்தது 265/70ஆர்16. அகலம் 265 மி.மீ., அந்த அகலத்தில் 70 வீதம் பக்கச் சுவரின் உயரம், ரிம் 16 அங்குலம். பெருக்கிப் பார், ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் ஏறக்குறைய 186 மி.மீ. ரப்பர் நிற்கிறது. நீ காட்டிய 20 அங்குல ரிம்முக்குப் பூட்டுகிற 265/50 டயரில் அது 133 மி.மீ. தான். மொத்த விட்டம் இரண்டிலும் ஒன்றுதானே, ஸ்பீடோமீற்றர் பிழைக்காதே என்று கேட்பாய். சரிதான், 777க்குப் பதில் 773, அதில் ஒரு குறையும் இல்லை. குறைவது காற்று நிற்கிற இடம். காலி வீதியில் தண்ணீர்க் குழாய்க்காரர் வெட்டி மூடிய பள்ளத்தில், மழைத்தண்ணீர் நிரம்பிக் குழி தெரியாத நேரத்தில் சில்லு இறங்கினால், அந்த 5 சென்டிமீற்றர்தான் ரிம் நசுங்குவதா இல்லையா என்று தீர்மானிக்கும். இடி முதலில் டயருக்கு, பிறகு ரிம்முக்கு, பிறகு என் இடுப்புக்கு.

ரொறன்ரோவில் நீ ஓட்டும் புது வாகனம் அந்தப் பெரிய ரிம்மை நினைத்தே செய்யப்பட்டது. நம்முடைய ஜீப்பின் ஷொக்கும் புஷ்ஷும் அப்படி அல்ல. பெரிய ரிம் பாரமும் கூட. அந்தப் பாரம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குவதால் பிரேக்கும் ஷொக்கும்தான் அதைச் சுமக்க வேண்டும்.

இன்னொன்றும் அந்தப் படத்தின் கீழே எழுதியிருந்தது, நீ கவனித்திருக்க மாட்டாய். 9 அங்குல அகலம், ஒப்செட் பூச்சியம். நம்முடையது 7 அங்குலம், ஒப்செட் பிளஸ் 15. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, நட் பூட்டுகிற முகம் 15 மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பது அதன் கணக்கு. முகம் வெளியே இருந்தால் சில்லு உள்ளே போகும். பூச்சியமாக்கி அகலத்தையும் கூட்டினால் சில்லின் வெளிவிளிம்பு இப்போது இருப்பதைவிட 40 மி.மீ. வெளியே வந்து நிற்கும். மட்கார்டுக்கு வெளியே சேற்றை வாரி அடிக்கும். ஊரில் பெரியம்மா வீட்டு ஒழுங்கை உனக்கு நினைவிருக்கும், இரண்டு பக்கமும் மதில். அங்கே முதலில் உரசுவது உன் கறுப்பு ரிம்தான்.

மதிலில் உரசினால் பெயின்ட் போகும், அவ்வளவுதான். எனக்குப் பயம் வேறு இடத்தில். 95 என்று மொடல் எண் கொண்ட நம்முடைய பிராடோவில், முன்சில்லைப் பிடித்திருக்கும் கீழ் மூட்டான போல் ஜொயின்ட் பேர்போன பலவீனம். அது தேய்ந்து கழன்றால் முன்சில்லு பக்கவாட்டில் மடிந்து, வாகனம் அப்படியே குந்திவிடும். சில்லை வெளியே தள்ளத் தள்ள ஸ்டியரிங் பாகங்களுக்கும் வீல் பெயரிங்குக்கும் இழுவை கூடும். வயதான ஜீப்பில் அதைச் செய்யக் கூடாது. அதனால் நீ அனுப்பப் போகும் காசில் முதல் பங்கு ரிம்முக்கு இல்லை. இரண்டு கீழ் போல் ஜொயின்டும் ஒறிஜினல் வாங்கிப் பூட்டச் சொல்லி கராஜ் பாஸிடம் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு இதில் சந்தோஷமே இல்லை. யாருக்கும் காட்ட முடியாத செலவு அல்லவா.

அப்போ பழைய 16 அங்குலத்தோடேயே இருக்கப் போகிறோமா என்றால், இல்லை. அந்த ரிம்மின் நிலைமை உனக்குத் தெரியாது. கடற்காற்று இங்கே எதையும் விட்டுவைப்பதில்லை. கடற்கரையோர மரைன் டிரைவுக்குக் கிட்ட நிறுத்துகிற வாகனத்தின் அலோய் ரிம்மில் வெள்ளைப் பொருக்கு பூக்கும். டயர் வந்து உட்காருகிற விளிம்பில் அது பூத்தால் காற்று மெல்ல மெல்லக் கசியும். இரண்டு சில்லுக்கு நெடுகக் காற்று அடித்துக்கொண்டே இருக்கிறோம். பளபளக்கும் குரோம் ரிம் இன்னும் மோசம், பூச்சு உரிந்தால் தகடு தகடாக வரும். ஆகவே ரிம் மாற்றத்தான் வேண்டும்.

நான் பார்த்து வைத்திருப்பது, 2002 கடைசியிலிருந்து வந்த 120 மொடல் பிராடோவின் ஒறிஜினல் 17 அங்குல ரிம். யப்பானில் இருந்து பாவித்த செற்றாக வருகிறது, பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைப் பக்கம் கிடைக்கும். ஆறு நட், எதிரெதிர்த் துளைகளுக்கு நடுவில் 139.7 மி.மீ., நடுத்துளை 106 மி.மீ., எல்லாம் நம்முடையதோடு ஒன்று. நடுத்துளை பொருந்துவது சின்ன விஷயமில்லை. வெளியே விற்கிற பல ரிம்கள் எல்லா வாகனத்துக்கும் பொருந்தட்டும் என்று துளையைப் பெரிதாகவே வெட்டியிருக்கும். அப்போது சில்லு ஹப்பில் உட்காராமல் நட்டை மட்டுமே நம்பித் தொங்கும். சரியான வளையம் போட்டு நடுவைப் பிடிக்காவிட்டால் வேகம் பிடித்ததும் ஸ்டியரிங் நடுங்கும், பலன்ஸ் பண்ணிப் பண்ணிப் பார்த்தாலும் போகாது.

அந்த 17 அங்குல ரிம்மின் அகலம் 7.5, ஒப்செட் பிளஸ் 30. கணக்குப் பார்த்தேன். வெளிப்பக்கம் இப்போது இருப்பதைவிட 9 மி.மீ. உள்ளே போகும், உட்பக்கம் 21 மி.மீ. கூடும். ஆகவே பூட்டியதும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, உள்ளே எங்காவது தொடுகிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. தொட்டால், சில்லை வெளியே தள்ள நடுவில் வைக்கிற தட்டான ஸ்பேசர் போடலாம் என்று கடைக்காரர் சொல்வார். வேண்டாம். ஸ்பேசர் போடுவதென்றால் இத்தனை கணக்கும் எதற்கு?

டயர் 265/65ஆர்17. பக்கச் சுவர் 172 மி.மீ., விட்டம் 776. ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம், கியர் விகிதத்துக்கும் மீற்றருக்கும் ஒன்றும் தெரியாது. பாரக் குறியீடு 112, அதாவது ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். உன் 20 அங்குல டயரில் 107 என்று இருந்தது, 975 கிலோ. கணக்குக்கு அதுவும் போதும்தான், ஆனால் கம்பனி கொடுத்ததைவிடக் குறைத்துப் பூட்டிவிட்டு, உன் குடும்பத்தையும் எங்களையும் உன் ஐந்து சூட்கேசையும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போக எனக்கு மனமில்லை. ஏதாவது நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

ஐந்து வாங்க வேண்டும், நாலு அல்ல. நீ நாலுக்குத்தான் விலை கேட்டிருந்தாய். நம்முடைய ஜீப் எந்நேரமும் நாலு சில்லிலும் இழுக்கிறது. ஒரு சில்லின் விட்டம் மாறினால், நடு டிஃபரன்ஷியல் ஓடுகிற தூரமெல்லாம் ஓய்வில்லாமல் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொண்டு சுற்ற வேண்டும். பின்கதவில் தொங்குகிற ஸ்பெயார் சில்லும் அதே அளவு, அதே டயராக இருக்க வேண்டும். சில்லுகளை இடம் மாற்றும்போது அதையும் சுற்றில் சேர்த்துவிட்டால் ஐந்தும் ஒன்றாகத் தேயும். முன்னுக்கு இரண்டு புதிது, பின்னுக்கு இரண்டு பழையது என்று காசு மிச்சம் பிடிக்கிற வேலை இந்த வாகனத்தில் நடக்காது.

எந்த வகை டயர் என்பதில் அப்பாவுக்கும் எனக்கும் இன்னும் சண்டை முடியவில்லை. அவருக்குக் கட்டை கட்டையாகப் பல் வைத்த சேற்று டயர் வேண்டும். ஆமர் வீதி டிராபிக்கில் எங்கே சேறு இருக்கிறது? அது தார் வீதியில் ஊளையிடும், டீசல் குடிக்கும், ஈரத் தாரில் பிரேக் பிடித்தால் வழுக்கும். இரண்டுக்கும் நடுவிலான ஏ/டி வகை பரவாயில்லை, தோட்டம் துரவு என்று போகிறவர்களுக்கு அதுதான் சரி. நாங்கள் ஓடுவது கொழும்பு, வருஷத்தில் ஓரிரு தரம் புத்தளம், அநுராதபுரம் வழியாக ஏ9 ஏறி யாழ்ப்பாணம். எல்லாம் தார். தார் வீதிக்கென்றே செய்த எச்/டி வகை போதும். ஐப்பசி கார்த்திகையில் ஒரு மணி நேர மழைக்கே இங்கே வீதி குளமாகிவிடும், அந்தத் தண்ணீரை வெட்டி வெளியே தள்ள நீளவாட்டில் ஆழமான நாலு வாய்க்கால் இருக்கிற டயராகப் பார்த்து எடுப்பேன்.

அங்கிருந்து கொள்கலனில் டயர் போட்டுவிடட்டா என்றும் கேட்டிருந்தாய். மலைப்படமும் பனிப்பூவும் பொறித்த குளிர்கால டயரைத்தானே மலிவாகத் தருகிறார்கள்? அந்த ரப்பர் குளிரில் இறுகாமல் இருப்பதற்கென்று மென்மையாகச் செய்தது. நம்முடைய சித்திரை வெயிலில் தாரில் அதை ஓட்டினால் அழிறப்பர் மாதிரித் தேயும். வேண்டாம். இங்கேயே வாங்கலாம், களனியில் செய்கிற டயரும் இருக்கிறது, இறக்குமதியும் இருக்கிறது.

வாங்கும்போது நான் கட்டாயம் கூடப் போவேன், அப்பாவைத் தனியே விட மாட்டேன். பக்கச் சுவரில் டொட் (DOT) என்று தொடங்குகிற வரியின் கடைசி நாலு இலக்கத்தை அவர் ஒருநாளும் பார்ப்பதில்லை. 1825 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 18ஆம் வாரத்தில் செய்தது. எண் பழையதென்றால், பல் முழுதாக இருக்கும், கறுப்பு மினுக்கி பூசியிருக்கும், ஆனால் நாலைந்து வருஷம் தகரக் கூரைக்குக் கீழே வெந்த ரப்பராக இருக்கும். அதைப் புதிது என்ற விலைக்கே தருவார்கள். ஐந்து டயரிலும் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும், மேலே இருக்கிற ஒன்றில் மட்டும் பார்த்தால் போதாது.

ரிம்மையும் அப்படித்தான். முன்பக்கம் எல்லாரும் பார்ப்பார்கள், திருப்பி உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வெல்டிங் பிடித்த தடம் இருந்தால் வேண்டாம். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும், வெடிப்பை மூட அதைவிட நல்ல வழி இல்லை. பிறகு டயர் பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு ரிம்மையும் பலன்சிங் மெஷினில் வெறுமனே சுழற்றச் சொல்ல வேண்டும். நெளிவு இருந்தால் கண்ணுக்கே தெரியும். நட்டையும் மறக்கக் கூடாது. டொயோட்டா அலோய்க்கு நேர்க் கழுத்தும் தட்டை வாஷரும் உள்ள நட், வெளிக்கம்பனி ரிம் பலவற்றுக்குக் கூம்பு நட். மாற்றிப் பூட்டினால் இறுகியது போலத்தான் இருக்கும், பிறகு ஓட ஓடத் தளரும். ரிம்மோடு வந்த நட்டையும் சேர்த்து வாங்கிவிடுவேன்.

உன் ஆசையையும் அப்பாவின் ஆசையையும் முழுக்கத் தட்டிவிடவில்லை. ரிம் ஐந்தையும் நான் பார்த்து முடித்த பிறகு, பவுடர் கோட் செய்கிற இடத்தில் மங்கல் கறுப்பு அடிக்கலாம். கடற்காற்றுக்கும் அது நல்லது. நட் உட்காருகிற இடத்திலும் ஹப்பில் படுகிற முகத்திலும் மட்டும் பூச்சுப் படக் கூடாது.

இவ்வளவு செலவு இந்தப் பழைய ஜீப்புக்கு எதற்கு, விற்றுவிடுங்கள் என்று மாமா சொல்கிறார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனத்துக்கு மறுபடி திறந்தது 2025இல். திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இதை விற்ற காசுக்கு இதைப் போல ஒன்று கிடைக்காது. எஞ்சின் இன்னும் நன்றாக இருக்கிறது, புகைப் பரிசோதனையிலும் ஒரு பிரச்சினையும் இல்லாமல் போகிறது.

நீ காசு அனுப்பும்போது இரண்டாகப் பிரித்து அனுப்பு. போல் ஜொயின்டுக்கும் அலைன்மென்டுக்கும் இந்த மாதம், ரிம் டயருக்கு அடுத்த மாதம். இரண்டையும் ஒன்றாக அனுப்பினால் அப்பா நேரே பஞ்சிகாவத்தைக்குப் போய்விடுவார். நல்லூர்த் திருவிழாவுக்கு நீங்கள் வருவதற்கு முன் எல்லாம் பூட்டி, நான் இங்கே கொஞ்சம் ஓடி, நட்டை மறுபடி இறுக்கிப் பார்த்துவிட வேண்டும்.

வரும்போது, நட்டை அளவு பார்த்து இறுக்குகிற டோர்க் ரென்ச் ஒன்று வாங்கி வா. அரை அங்குல டிரைவ், நியூட்டன் மீற்றர் அளவு பொறித்ததாக இருக்கட்டும். இங்கே டயர்க் கடைப் பெடியன்கள் காற்றுத் துப்பாக்கியால் முறுக்குகிற முறுக்கை வழியில் பஞ்சர் ஆனால் என் கையாலோ அப்பாவின் கையாலோ கழற்ற முடியாது. பெட்டியில் இடமில்லை என்று மருமகள் சொன்னால், சொக்லேட்டைக் குறைக்கச் சொல்லு.

அன்புடன்,
அம்மா