மயிலிறகு அனுப்ப முடியாது, கவிதா

விராலிமலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் கவிதாவுக்கு அம்மா எழுதுவது.

கிருஷ்ண ஜெயந்திக்கு முகிலுக்கு வேஷம் கட்ட நாலு மயிலிறகு கூரியரில் அமெரிக்காவுக்கு அனுப்பச் சொன்னாய். நானும் போனில் சரி என்றுவிட்டேன். இப்போது முடியாது என்று எழுத வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

மயில் ஆண்டுக்கொரு முறை தானாகவே தோகையை உதிர்க்கிறது. அப்படி உதிர்ந்ததை நாட்டுக்குள் வைத்துக்கொள்ளவும் விற்கவும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் தடை. உனக்காக மலையடிவாரத்தில் பொறுக்கி வந்த பீலியை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். காம்பின் அடி நகம்போல் வெளுத்துச் சுத்தமாக இருந்தது. கொன்று பிடுங்கியது என்றால் அங்கே ரத்தக் கறை ஒட்டியிருக்கும் என்பார்கள். கடையில் கட்டுக்கட்டாக விற்கிறார்களே, அடியைக் கத்தரித்துவிட்டால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? மயில்களுக்கு விஷம் வைத்த செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கட்டுகள்தான் கண்முன் வருகின்றன.

அமெரிக்காவில் இந்தச் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. போன வருடம் நான் அங்கே வந்திருந்தபோது, தோட்டத்தில் கிடந்த, புளூ ஜே என்கிற பறவையின் இறகை முகில் எடுத்து வந்தான். நீலத்தில் கறுப்புக் கோடுகள், நுனியில் வெள்ளை. நான்தான் அதை அவன் நோட்டில் ஒட்டிக் கொடுத்தேன். வைத்திருப்பதே குற்றம் என்று பிறகுதான் தெரிந்தது. 1918-இல் வந்த வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் அது. தரையில் கிடந்த இறகுக்கும் விலக்கில்லை. சுட்டவனும் கீழே கிடந்தது என்றுதானே சொல்வான்? மாடப்புறா, சிட்டுக்குருவி போன்ற சில பறவைகள்தான் அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் கொக்குகளின் சாவு இருக்கிறது. குஞ்சு பொரிக்கும் காலத்தில்தான் கொக்குக்கு முதுகில் மெல்லிய இறகு முளைக்கும். சீமாட்டிகளின் தொப்பிக்காக அந்த நேரம் பார்த்துக் கூட்டருகிலேயே சுட்டார்கள். குஞ்சுகள் தாயில்லாமல் பட்டினியில் செத்தன. கொக்குகளைக் காவல் காத்த கை பிராட்லி என்பவர் 1905-இல் ஃப்ளோரிடாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் வயலில் ஏருக்குப் பின்னால் நடக்கிற கொக்கைப் பார்த்தால் இப்போது வயிறு பிசைகிறது.

முகிலைத் திட்டாதே, ஒட்டிக் கொடுத்தவள் நான். அந்த இறகைப் பார்த்துப் படம் வரையட்டும். பிறகு எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வரச் சொல். கிரீடத்துக்குப் பச்சை சார்ட் பேப்பரில் பீலி வெட்டிக்கொண்டிருக்கிறேன். கண்ணுக்கு உன் பழைய பாவாடையின் நீலப் பட்டு இருக்கிறது. அவன் தலைச் சுற்றளவை அளந்து சொல்.

அன்புடன்,
அம்மா