எக்மோர்த் மதிலுக்கு உப்பே எதிரி

ஆசிரியர் அவர்களுக்கு,

தென் பிரான்சின் எக்மோர்த் நகரக் கோட்டை பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, மதில் முழுவதையும் ஒன்பதாம் லூயி மன்னர் கணக்கில் எழுதிவிட்டது. அங்குள்ள கோன்ஸ்தான்ஸ் கோபுரம்தான் அவர் கட்டியது; அவர் 1270இல் இறந்த பிறகு, 1272இல் தொடங்கியதே சுற்றுமதில். அது போகட்டும். ஏறத்தாழ 1,600 மீட்டர் நீளமுள்ள அந்த மதில் ‘காலத்தை வென்றது’ என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. உப்பளங்களுக்கு அருகே நிற்கும் சுண்ணாம்புக்கல் சுவர் அது. நிலத்தடி ஈரம் கல்லின் நுண்துளைகள் வழியே ஏறி உலரும்போது, உப்பு படிகமாகிக் கல்லைச் செதில் செதிலாக உரிக்கும்.

இத்தகைய சுவரின் கல் இடுக்குகளைச் சிமென்டால் பூசுவது பெருந்தவறு. ஈரம் சிமென்டை ஊடுருவ முடியாமல் கல் வழியாகவே வெளியேறும். சில ஆண்டுகளில் சிமென்ட் துருத்தி நிற்க, கல் குழிந்துபோவதைப் பழுதுபார்ப்போர் அறிவர். இடுக்கின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழம் சுரண்டி, 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு உப்பில்லா மணல் கலந்து நிரப்பி, ஈரச் சாக்கால் சில நாள் மூடிவைக்க வேண்டும். பழங்கோட்டைகளைப் பற்றிய கட்டுரைகளில், கட்டியவர் பெயரோடு காக்கும் முறையையும் ஒரு பெட்டிச் செய்தியாகத் தாங்கள் வெளியிடலாம்.