பூநாரைகளை எழுப்ப வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரத் தங்கள் இதழின் சுற்றுலாப் பகுதியில் தனுஷ்கோடிப் பூநாரைகளைப் பற்றி வந்திருந்த கட்டுரையை நானும் என் துணைவியாரும் ஆவலோடு படித்தோம். அதனுடன் அச்சாகியிருந்த படத்தில் நூற்றுக்கணக்கான பூநாரைகள் ஒரே நேரத்தில் நீரை விட்டு எழும்பிக்கொண்டிருந்தன. நேரில் சென்று காண வேண்டிய காட்சி என்று கீழே குறிப்பும் இருந்தது. படம் அழகானதுதான். ஆனால் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் அங்கே எதைத் தேடுவார்கள் என்று எண்ணியபோது, இக்கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பணி ஓய்வு பெற்றதிலிருந்து நாங்கள் இருவரும் தை மாதந்தோறும் கோடியக்கரையில் தொடங்கித் தனுஷ்கோடி வரை கடலோரமாகவே சென்று பறவைகளைப் பார்த்து வருகிறோம். பைனாகுலர் என் கழுத்தில் இருக்கும். கணக்கு அவர் கையில் இருக்கும். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் ஐந்தைந்தாகக் கோடு போட்டு அவர் எழுதி வைக்கும் எண்ணிக்கையைத்தான் இரவில் விடுதியில் உட்கார்ந்து சரிபார்ப்போம்.

வெளிமான்களுக்காக 1967-இல் சரணாலயமாகி, 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்ற கோடியக்கரையில், சலீம் அலி முதலான அறிஞர்கள் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வலசையை ஆராய்ந்த அதே சதுப்பு நிலத்தின் ஓரத்தில், நாங்கள் முதல் ஆண்டு செய்ததும் தவறுதான். பூநாரைகளைக் கண்டதும் வரப்பில் வேகமாக நடந்தோம். நாங்கள் பத்தடி வைத்தால் அவை இருபதடி விலகின. உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்து, “ஐயா, தொரத்தாதீங்க, அப்படியே குந்துங்க, அதுங்களே வரும்” என்றார். குந்தினோம். அரை மணி நேரம் கழிந்திருக்கும். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பறவைகள் தலையைத் தாழ்த்தி மேயத் தொடங்கின. பிறகு மெல்ல மெல்ல எங்கள் பக்கமே நகர்ந்து வந்தன. ஒரு பறவை கால்களை மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்குவதையும், அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி அரித்து எடுப்பதையும், இன்னும் சிவப்பேறாத சாம்பல் நிறக் குஞ்சொன்று அதன் பின்னாலேயே வந்து அதேபோலச் செய்து பார்ப்பதையும் பைனாகுலரே தேவைப்படாத தொலைவில் கண்டோம். கொசு உள்ளான் என்னும் சின்னஞ்சிறு கரைப்பறவைகள் எங்கள் காலடிக்கு அருகில் வரை ஓடி வந்தன. அன்று கற்ற பாடத்தை நாங்கள் இன்றுவரை மறக்கவில்லை.

இந்த ஆண்டு தனுஷ்கோடியில் கண்டது இதற்கு நேர்மாறானது. அரிச்சல்முனைச் சாலையோரத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு இறங்கியவர்களில் சிலர், பறவைகள் பறப்பதைக் கைப்பேசியில் பிடிப்பதற்காகவே கூச்சலிட்டுக்கொண்டு நீருக்குள் ஓடினார்கள். ஒரு குழு படம் எடுத்து முடித்ததும் அடுத்த குழு ஓடியது. ஒன்பதரை மணிக்கும் பத்தரை மணிக்கும் இடையில் அந்தக் கூட்டம் ஐந்து முறை எழுப்பப்பட்டதாக என் துணைவியாரின் நோட்டில் உள்ளது. பறவைகளின் எண்ணிக்கையை அவரால் அன்று எழுதவே முடியவில்லை.

பூநாரை காக்கையைப் போல இருந்த இடத்திலிருந்து எழும்பும் பறவை அன்று. நீரின்மேல் சில அடிகள் ஓடி, உந்தித்தான் அதனால் மேலே எழ முடியும். அதனுடன் நிற்கும் சிறு கரைப்பறவைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. முப்பது கிராம்கூடத் தேறாத கொசு உள்ளான், பங்குனி, சித்திரையில் சைபீரியத் துருவ நிலங்களை நோக்கிப் புறப்படுவதற்குள், வழிப்பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை இந்தக் கரைகளில் மேய்ந்துதான் உடலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை அதை விரட்டும்போதும் மேயும் நேரத்தையும் பறித்து, சேர்த்ததையும் செலவழிக்க வைக்கிறோம்.

தமிழக அரசு 2025 ஜூன் மாதம் தனுஷ்கோடியில் ஏறத்தாழ 525 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்ததை வாசித்த நாளில் நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அந்த அறிவிப்பின் பயன் நீரில் நிற்கும் பறவைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், மக்கள் கூடும் இடங்களில் கரையோரமாக ஒரு கயிறும், அதற்கு இப்பால் நின்று பார்க்கத் தாங்கியில் பொருத்திய தொலைநோக்கி ஒன்றும், எளிய தமிழில் ஓர் அறிவிப்புப் பலகையும் வேண்டும் என வனத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் தலையைத் தூக்கி, கழுத்தை நீட்டி, எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். அப்போதே பின்வாங்கிவிட வேண்டும் என்பதைப் பலகையில் முதல் வரியாக எழுதலாம். பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்ட, அந்தக் கரையை நாள்தோறும் காணும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளையே அமர்த்தினால் இன்னும் நல்லது.

தங்களிடம் வேண்டுவது ஒன்றுதான். அடுத்த முறை பூநாரைகளைப் பற்றி எழுதும்போது அவை மேயும் படத்தை வெளியிடுங்கள். கோடியக்கரை வரப்பில் உட்கார்ந்தபடி என் துணைவியார் எடுத்த படம் ஒன்றை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். அதில் எல்லாப் பறவைகளின் தலையும் நீருக்குள் இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.