அப்பா பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருமணம் ஆகாவிட்டாலும் தந்தையின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் கட்டாயம் பதிய வேண்டும் என்று போன வாரம் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளையைக் கொடுத்துவிட்டு நழுவிப் போகிற ஆண்கள் மேல் கட்டுரையாளருக்கு இருக்கிற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கட்டாயம் யார் தலையில் விழும்? ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பும்போது அங்கே இருப்பவன் அவன் இல்லை. தையல் கூடப் பிரிக்காமல் படுத்திருக்கிறவளிடம்தான் "பேரைச் சொல்லும்மா" என்பார்கள்.

பிரிட்டனைப் பாருங்கள் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அது பாதிக் கதை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மணமாகாத பெற்றோர் இருவர் பெயரும் பதிவாக வேண்டும் என்று 2009இல் சட்டம் இயற்றியது உண்மை. தந்தை யார், எங்கே என்று தாய்க்குத் தெரியாவிட்டாலோ, அவனால் ஆபத்து என்று அவள் பயந்தாலோ சொல்ல வேண்டாம் என அதிலேயே விலக்கும் வைத்தார்கள். அப்புறம் அந்தப் பிரிவுகளை நடைமுறைக்குக் கொண்டுவராமலே கிடப்பில் போட்டார்கள். அங்கே நிஜமாக நடப்பில் இருப்பது வேறு: 2003 டிசம்பரிலிருந்து, தாயுடன் சேர்ந்து வந்து பெயரைப் பதியும் தந்தைக்குப் பெற்றோருக்குரிய சட்ட உரிமையும் பொறுப்பும் கிடைக்கிறது. மிரட்டல் கிடையாது, வந்தால் உரிமை, அவ்வளவுதான்.

நம் ஊரில் சிக்கலே தலைகீழ். இங்கே கட்டத்தைக் காலியாக விடுவதுதான் கஷ்டம்.

வடசென்னையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சேர்க்கை சமயத்தில் சான்றிதழ்களை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. ஒரு பெண் முதல் வகுப்புக்குப் பையனைக் கூட்டி வந்தாள். சான்றிதழில் அப்பா பெயர் இருந்தது. கூட வந்திருந்தவரைப் பையன் "மாமா, மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். விண்ணப்பத்தில் 'தந்தை கையொப்பம்' என்ற இடத்தில் அந்த மாமாவே கையெழுத்துப் போட்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் பையனை வெளியே போய்த் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள்: "எங்க அண்ணன்தாங்க. எதையாவது எழுதியே ஆகணும்னாங்க, வேற பேரு இல்ல." மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன், காகிதத்தில் அப்பாவாகிவிட்டார். அவருக்குக் கல்யாணமாகி, மனைவி கண்ணில் அந்தச் சான்றிதழ் பட்டால் என்ன ஆகும்? நாளைக்குச் சொத்து என்று வந்தால்? இத்தனைக்கும் அவள் செய்த ஒரே குற்றம், கவுன்ட்டரில் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதுதான்.

எழுதியதை எடுப்பதும் லேசு இல்லை. திருச்சியில் விவாகரத்தான ஒரு பெண், கொடையாளர் விந்தணு மூலம் குழந்தை பெற்றார். சிகிச்சைக்கு உதவிய ஒருவரின் பெயர் தந்தை என்று ஏறிவிட்டது. அவரே நான் தந்தை இல்லை என்கிறார், முன்னாள் கணவரும் அப்படியே சொல்கிறார். அப்போதும் பெயர் நகரவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய், 2018இல்தான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட உத்தரவு வாங்க முடிந்தது. வழக்கு நடத்தத் தெம்பு உள்ளவர் வாங்கினார். என் கவுன்ட்டருக்கு வந்த பெண் எங்கே போவாள்?

இவ்வளவுக்கும் அதற்கு மூன்று வருடம் முன்பே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2015 ஜூலையில் நீதிபதி விக்ரமஜித் சென் அமர்வு தந்த தீர்ப்பு அது. மணமாகாத தாய் பிறப்புச் சான்றிதழ் கேட்டால், அவளிடம் ஒரு பிரமாணப் பத்திரம் மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட வேண்டும். பாஸ்போர்ட்டுக்கும் 2016 டிசம்பரிலிருந்து அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பெயர் போதும். தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது. வார்டில் படிவம் நிரப்புகிறவருக்கு அது வந்து சேரவில்லை. அந்தப் படிவத்திலேயே 'திருமணத்தின்போது தாயின் வயது' என்று ஒரு கேள்வி வேறு. புள்ளிவிவரத்துக்காம். மணமே ஆகாதவள் அதற்கு என்ன எழுதுவாள்?

சரி, அப்படியானால் ஆண் தப்பித்துவிடுவானே என்பார் கட்டுரையாளர். தப்ப முடியாது. மணவாழ்வுக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் தந்தை ஜீவனாம்சம் தர வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு சொன்னது; இப்போது புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவு. சான்றிதழில் பெயர் இல்லாதது இந்த வழக்கைத் தடுக்காது. உத்தரப் பிரதேச முன்னாள் முதல்வர் என்.டி. திவாரி, மணவாழ்வுக்கு வெளியே பிறந்த மகனைத் தன் பிள்ளை இல்லை என்று எத்தனை வருடம் மறுத்தார்! 2012இல் டி.என்.ஏ. முடிவு வந்ததும் கதை முடிந்தது. ஆனால் அண்ணன் பெயரை அப்பா என்று எழுதிவைத்த பெண் கோர்ட்டுக்குப் போனால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தூக்கிக் காட்டுவது அந்தச் சான்றிதழைத்தான். காலிக் கட்டத்தால் அந்தத் தொல்லை இல்லை.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் இறுகிவிட்டது. பிறப்பு, இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டப்படி பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்று இந்த ஒரே காகிதம்தான். பதியும்போது பெற்றோரின் ஆதார் எண்ணையும், இருந்தால், கேட்கிறார்கள். பொய்ப் பெயரோடு மாமனின் ஆதாரும் சேர்ந்து ஏறினால் அப்புறம் பிரித்தெடுக்கவா முடியும்?

மாநகராட்சியைக் கேட்பது பெரிய காரியம் இல்லை. அந்தப் பிரமாணப் பத்திரத்தின் மாதிரியைத் தமிழில் அச்சடித்து, மகப்பேறு மருத்துவமனைகளிலும் மண்டல அலுவலகங்களிலும் படிவத்தோடு சேர்த்தே கொடுக்கட்டும். 'தந்தை பெயர் கட்டாயமில்லை' என்று ஒரு போர்டு, கவுன்ட்டருக்கு உள்ளே இருப்பவர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டட்டும். கல்யாணம் ஆகாமலே பொறுப்பை ஏற்று, தாயின் சம்மதத்தோடு தானாகக் கையெழுத்துப் போட வருகிறவனிடம் கல்யாணப் பத்திரிகை எங்கே, தாலி கட்டிய போட்டோ எங்கே என்று கேட்டு விரட்டாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை – 11